கல்யாணத்துக்குப் பிறகும் இன்னொருவரைப் பிடித்துப்போகிறதே, ஒருவரோடு மட்டும் வாழ்வது மனித இயல்பே இல்லையா?

கல்யாணமாகி 9 வருடம், கணவர்மேல் குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் அலுவலகத்தில் ஒருவரைப் பார்த்தால் மனசு துள்ளுகிறது, நான் கெட்டவளா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கல்யாணமாகி 17 வருடம். அந்தத் துள்ளல் எனக்கும் வந்து போனது, அதனால் எழுதுகிறேன். நான் உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. அந்த நேரத்தில் பயந்துபோய்க் கிடைத்ததையெல்லாம் படித்தவள், அவ்வளவுதான்.

முதலில் இந்த "இயல்பு" சமாச்சாரம். பாலூட்டிகளில் ஜோடியாகக் குடித்தனம் நடத்துபவை 10 சதவீதம்கூடக் கிடையாது. பறவைகளில் சுமார் 90 சதவீதம். உடனே பறவைகளைக் கும்பிட்டுவிட வேண்டாம். சிட்டுக்குருவிக் குஞ்சுகளின் டிஎன்ஏவைச் சோதித்துப் பார்த்தால், சில குஞ்சுகளுக்கு அப்பா வேறு. சேர்ந்து கூடு கட்டுவது ஒன்று, மற்றவரை ஏறெடுத்தும் பார்க்காமல் இருப்பது இன்னொன்று. நாம்தான் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் "கற்பு" என்று மூடிவைத்திருக்கிறோம். ஆக்சிடோசின்தான் ஜோடியைச் சேர்த்துவைக்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றுகிற "காதல் ஹார்மோன்" கதையையும் ரொம்ப நம்பாதீர்கள். பிரெய்ரி வோல் என்று எலி மாதிரி ஒரு பிராணி, அமெரிக்கப் புல்வெளிகளில் ஜோடியாக வாழ்வது. அதை வைத்துத்தான் 1990களில் ஆக்சிடோசினுக்கு இவ்வளவு பேர் வந்தது. 2023இல் வெளியான ஆய்வில், ஆக்சிடோசினை உணரும் ஏற்பியே இல்லாதபடி மரபணுவைத் திருத்திய வோல்களும் ஜாம்ஜாமென்று ஜோடி சேர்ந்தன.

நம் வீட்டுப் பக்கம் வருவோம். என் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள். செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரே வீடு, இரண்டு அடுப்பு. "அம்மா அடுப்பு புகைஞ்சா சின்னம்மா இருமுவா" என்பாள் பாட்டி. அதை யாரும் தப்பாகப் பேசியதில்லையாம். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது 1949இல்தான். நாடு முழுவதற்கும் 1955இன் இந்துத் திருமணச் சட்டம். ஆண்களுக்கும் "ஒருத்திதான்" என்ற அந்த விதி, என் பாட்டியைவிட வயதில் சின்னது.

சரி, என் கதை. அலுவலகம் சேப்பாக்கத்தில், வீடு மடிப்பாக்கத்தில். பறக்கும் ரயிலில் வேளச்சேரி வரை வந்தால் வீட்டுக்காரர் பைக்கோடு கீழே நிற்பார். அதே பெட்டியில் எங்கள் அலுவலகத்துக்காரர் ஒருவர் திருவான்மியூர் வரை வருவார். பேச்சுத் துணை. கிரீன்வேஸ் சாலை தாண்டி அடையாற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது காற்று அடிக்குமே, அந்த இடத்தில் நாங்கள் இருவரும் தானாகப் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்போம். அவ்வளவுதான் நடந்தது. ஆறு மாதம் அவ்வளவுதான் நடந்தது.

ஒரு நாள் வேளச்சேரி படிக்கட்டில் இறங்கியதும் வீட்டுக்காரர் சாதாரணமாகக் கேட்டார்: "தனியாவா வந்தே?"

"ஆமாங்க."

ஹெல்மெட் வாரைப் போட்டுக்கொள்ளும்போது என் விரல் நடுங்கியது. மறைக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏன் பொய் சொன்னேன்?

ஷெர்லி கிளாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை வீட்டை வைத்தே விளக்குகிறார். தம்பதிக்கு நடுவில் ஜன்னல் இருக்க வேண்டும், வெளியாளுக்கும் தம்பதிக்கும் நடுவில் சுவர் இருக்க வேண்டும். தடம் மாறும்போது ஜன்னலும் சுவரும் இடம் மாறிவிடுகின்றன. தொடுவதற்கெல்லாம் முன்பே, எதை யாரிடம் சொல்கிறோம் என்பதில் அது தொடங்கிவிடுகிறது. என் "ஆமாங்க" அந்தச் சுவரின் முதல் செங்கல்.

இன்னொருவர் கேரில் ரஸ்பல்ட். ஒரு உறவில் நாம் ஊன்றி நிற்பது திருப்தியால் மட்டும் இல்லை, அதில் எவ்வளவு போட்டிருக்கிறோம், வெளியே இருப்பது எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பதும் சேர்ந்துதான் என்றார். (வீட்டுக் கடன் ஈஎம்ஐயையும் முதலீட்டில் சேர்க்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.) இதில் என்னை உலுக்கியது மூன்றாவது. 1989இல் அவரும் ஜான்சன் என்பவரும் வெளியிட்ட ஆய்வின்படி, துணையிடம் ஊன்றி இருப்பவர்கள் வெளியே இருக்கும் அழகானவர்களுக்குக் குறைவான மதிப்பெண் போடுகிறார்கள். நம் நரி சொன்ன அதே "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்"தான். நரியைக் கேலி செய்தே வளர்ந்த எனக்கு, மனசு அந்த வேலையைக் குடும்பத்துக்காகச் சத்தமில்லாமல் செய்கிறது என்பது பெரிய ஆறுதல். விசுவாசமானவர்களுக்குக் கண் தெரியாமல் போவதில்லை. பார்த்ததை மனசு உடனே கழித்துப்போடுகிறது. எனக்கு ஆறு மாதமாக அந்தக் கழித்தல் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்று யோசித்தால் விடை ரொம்ப உப்புச்சப்பில்லாதது. வீட்டில் எங்கள் பேச்சு தண்ணீர் லாரி, பையன் டியூஷன், கேஸ் புக்கிங் என்று சுருங்கியிருந்தது. ஆர்தர் ஏரனும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தம்பதிகளின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு தலையணையைக் கைபடாமல் இடுக்கிக்கொண்டு 7 நிமிடம் தவழவிட்டார்கள். சலிப்பான வேலை கொடுக்கப்பட்டவர்களைவிட இவர்கள் தங்கள் உறவுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். எங்கள் ஹாலில் தவழ இடமில்லை. பதிலாக ஒரு ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்குக் காசிமேடு போனோம். இரண்டு பேருக்கும் பேரம் பேசத் தெரியாது, ஏலத்தில் என்ன கத்துகிறார்கள் என்றும் புரியவில்லை. வஞ்சிரம் என்று நினைத்து வேறு எதையோ கிலோக்கணக்கில் வாங்கி, பைக்கில் நாற்றத்தோடு சிரித்துக்கொண்டே வந்தோம். அப்படிச் சிரித்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது.

காசிமேட்டுக்கு மறுநாள் திங்கட்கிழமை, படிக்கட்டில் அவர் கேட்பதற்குள் நானே சொன்னேன். இன்னார் தினமும் கூட வருகிறார், பேசப் பிடித்திருக்கிறது, அன்றைக்குத் தனியாக வந்தேன் என்றது பொய். உங்களையும் இப்படிச் சொல்லச் சொல்ல மாட்டேன். அடிக்கிற, சந்தேகப்படுகிற மனிதரிடம் இதைச் சொல்வது ஆபத்து. என் வீட்டுக்காரர் கைவேலி வரை வாயே திறக்கவில்லை. சிக்னலில் நின்றபோது திரும்பாமலேயே கேட்டார்.

"நாளைக்கும் அதே வண்டியா?"

"அதே வண்டிதாங்க. ஆனா உங்ககிட்ட சொல்லுவேன்."

"ம்."

வீட்டுக்குப் போய் அவர் ஒரு டம்ளர் மோரைக் கூடுதலாகக் குடித்தார். இரண்டு நாள் முகம் சரியில்லை. மூன்றாம் நாள் அவராகவே, "உன் ரயில் ஃபிரெண்டு இன்னிக்கு என்ன சொன்னாரு?" என்றார். சொல்ல ஆரம்பித்தபோதுதான் உறைத்தது: அந்த மனிதர் வாக்கியத்துக்கு வாக்கியம் "ஆக்சுவலா" என்கிறார். ஆறு மாதமாக அது என் காதில் விழவே இல்லை.