கூலி இல்லாத வேலையால் என்ன பயன்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ஞாயிறுதோறும் ஊர் இளைஞர்களோடு வாய்க்கால் தூர்வாரப் போய்விடுகிறான். கூலியும் இல்லை, சான்றிதழும் இல்லை. இதனால் அவனுக்கு என்ன பயன்?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: ஊருக்கு என்ன பயன் என்பது உங்களுக்கே தெரியும், அம்மா. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டாலும், கிளை வாய்க்காலை ஆகாயத்தாமரையும் மண்ணும் அடைத்திருந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதனால்தான் ஊரார் கூடி உழைக்கும் குடிமராமத்து நம் பக்கத்தில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், சாய்ந்த மரங்களை அறுத்து வழி உண்டாக்க உள்ளூர்ப் பிள்ளைகள் எப்படி ஓடினார்கள் என்பதும் நினைவிருக்கும்.

மகனுக்கு என்ன பயன் என்பதுதான் உங்கள் மனத்தை உறுத்துகிறது. எந்த மதகைத் திறந்தால் எந்த வயலுக்கு நீர் பாயும் என்று கரையில் நிற்கும் பெரியவர் கைநீட்டிக் காட்ட, முழங்கால் சேற்றில் நின்றபடி அதைக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, தன் ஊரை அதுவரை அறியாத விதத்தில் அறிகிறான். பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு தெருக்காரர்கள் ஒரே கயிற்றைப் பிடித்து ஆகாயத்தாமரையைக் கரைக்கு இழுத்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை எந்த வகுப்பறையும் அவனுக்குத் தந்துவிடாது.

தேர்வு நெருங்கும் வாரங்களில் மட்டும் நிறுத்திவையுங்கள். மற்ற நாட்களில் கையுறையும் காலுறையும் அணிந்து போகட்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கட்டும். நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.