நகையை அடகு வைக்கும் முன்

தம்பி, விமானப் பராமரிப்பு உரிமத்துக்கான பி1.1 பரீட்சைகள் முடிந்துவிட்டன, ஹட்டனில் சும்மா இருக்கிறேன், அம்மாவின் நகையை அடகு வைத்து ஏ320 டைப் கோர்ஸ் (அந்த ஒரு விமான வகையைப் பராமரிப்பதற்கான பயிற்சி) செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். அவர்கள் தருவது தியரி மட்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. ஐரோப்பாவின் பார்ட்-66 என்ற பராமரிப்பு உரிம விதிப்படி இந்த அளவு விமானத்துக்கு பி1.1 தியரி குறைந்தது 150 மணித்தியாலம், பாஸ் 75 வீதம், அதற்கு மேல் பிராக்டிகல், முதல் டைப் என்றால் வேலைத்தளப் பயிற்சியும் உண்டு, எல்லாம் உரிமத்தில் அந்த டைப்பைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பத்துக்கு முந்திய 3 வருடத்துக்குள் நடந்திருக்க வேண்டும். பிராக்டிகல் செய்ய ஹேங்கர் (விமானத்தைப் பழுதுபார்க்கும் கொட்டகை) கிடைக்காவிட்டால் அந்தத் தியரி வீண்தான்.

நானும் பண்டாரவளை லயத்தில் இருந்து இந்த வேலைக்குப் போனவன். ஏ320-இல் பச்சை, மஞ்சள் என்ற இரண்டு ஹைட்ராலிக் தொகுதிகளின் அழுத்தத்தில் 500 பிஎஸ்ஐ வித்தியாசம் வந்தால் பிடியூ (ஒன்றின் அழுத்தத்தால் மற்றதற்கு அழுத்தம் கொடுக்கும் கருவி) ஓடும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். முதல் நாள் விமானத்தின் வயிற்றுக்குள் நாய் குரைப்பது போல் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு நின்றேன், மெக்கானிக் அண்ணன் சிரித்துக்கொண்டே “அதுதான் உன் பிடியூ” என்றார்.

முதலில் பயிலுநராக எங்காவது நுழையப் பாருங்கள், சம்பளம் குறைவென்றாலும் சரி. அப்புறம் கோர்ஸுக்குப் போனால் எந்த எஞ்சின், சிஎஃப்எம்56-ஆ லீப்-ஆ, பிராக்டிகல் எந்த ஹேங்கரில் என்று எழுத்தில் வாங்குங்கள்.