காலையில் குதிகால் வலி: காலணியைக் கையால் வளைத்துப் பாருங்கள்

வணக்கம் அண்ணே. சிங்கப்பூர் ஜூரோங்கில் இரவெல்லாம் காவல் வேலை, தூங்கி எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்துகிறது, மெத்தென்ற காலணி வாங்கியும் குறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, அண்ணே.

நடக்கும்போது முதலில் குதிகால் தரையில் படுகிறது, பிறகு பாதம் முழுதும் படிகிறது, கடைசியில் குதிகால் எழும்பி விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. அப்போது குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, உருளையில் கயிறு சுற்றுவதுபோல இறுகிப் பாத வளைவைத் தூக்கி நிறுத்துகிறது. ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954-இல் விளக்கியது இது. அந்தப் பட்டை குதிகாலில் பற்றும் இடத்தில்தான் நெடுநேரம் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் வலி வரும். உங்கள் வலியும் அந்த வகை போலத்தான் தெரிகிறது.

ஆகவே கால் மடங்கும் இடத்தில்தான் காலணியும் மடங்க வேண்டும். கடையிலேயே இரு முனையையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கினால் சரி. நடுவில் மடங்கினாலோ, எளிதாக முறுக்க முடிந்தாலோ வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். குதிகாலைச் சுற்றிய பின்பகுதி அமுக்கினால் நசுங்கக் கூடாது. வேலை முடிந்து கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்ப்பது நல்லது.

அப்புறம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் டைல்ஸ் தரையில் கொஞ்ச நாள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீட்டுக்கென்று ஒரு செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலை விட்டு இறங்குமுன் விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். சில வாரத்தில் குறையாவிட்டால், அல்லது மரத்துப்போனால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.