மகன் இருந்தும் வீடு ஏன் வெறிச்சென்று இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 64. திருப்பாதிரிப்புலியூரில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்து ஓராண்டு ஆகிறது. கோவையில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் தவறாமல் பேசுகிறான். ஆனாலும் போனை வைத்ததும் வீடு இன்னும் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவோடு பேசுகிற பத்து நிமிடத்துக்காக விடிந்ததிலிருந்து காத்திருக்கிறேன். இந்த வயதில் இப்படி ஏங்குவது வெட்கமாக இருக்கிறது.

பதில்: ஐயா, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மனைவி இருந்தவரை மீனை முழுசாகக் கொடுத்துவிட்டுப் போன அந்த அம்மா, இப்போது கேட்காமலேயே வாசற்படியில் உட்கார்ந்து செதிள் உரசி, துண்டு போட்டு, மஞ்சள் தடவிக் கொடுக்கிறார் என்று. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அது கரிசனம். அதுவும் அன்புதான். காதல், பாசம், நட்பு, கரிசனம் என்று நமக்கு இத்தனை சொற்கள் இருக்கின்றன; ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. சட்டையில் பித்தான் போயிருப்பதைப் பார்த்துச் சொல்லவும், குழம்பில் உப்புக்காகச் சண்டை போடவும் வீட்டில் ஓர் ஆள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போனில் அது வராது. மகன் மீதும் குறையில்லை, உங்கள் மீதும் இல்லை.

வெட்கம் என்கிறீர்கள். 7ஆம் நூற்றாண்டில், பாடலிபுத்திரம் எனப்பட்ட உங்கள் ஊரில், சமணப் பள்ளிக்கே தலைவராக இருந்தவர் தருமசேனர். சூலை நோயில் துடித்தபோது அவர் தேடியது திருவதிகையில் இருந்த அக்காவைத்தான். முதலில் ஆள் அனுப்பினார். அக்கா அங்கே வர மறுத்ததும், இரவோடு இரவாகத் தாமே போய்க் காலில் விழுந்தார். நாம் அப்பர் என்று கும்பிடுவது அவரைத்தான். அந்த அக்கா திலகவதியார், தமக்கு மணம் பேசியவர் போரில் மாண்டதும் தாமும் சாகத் துணிந்து, பிறகு தம்பிக்காகவே உயிரைத் தாங்கியவர். போனவருக்குத் தம்பி ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். ஈடே கிடையாது. ஆனாலும் உயிரைப் பிடித்து வைக்க அந்தப் பாசத்தால் முடிந்தது.

ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள். புதன்கிழமையே மகனைக் கூப்பிட்டு, ‘தனியாக இருக்க முடியவில்லை, இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போ’ என்று சொல்லுங்கள். நன்றாக இருப்பதாகச் சொல்லியே அவனைத் தூரத்தில் வைத்துவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. நாளைக் காலை அந்த அம்மா மீன் அரியும்போது ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுங்கள். அவர் வீட்டிலிருந்து கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பிவிட்டார்களா என்று நீங்களும் கேளுங்கள்.