அம்மாவுக்குப் புரிகிற தமிழில்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். போன ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அம்மா என்னோடுதான் இருக்கிறார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் பிழைத்ததற்காக, இன்றும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவர். என் மேல் அவருக்குக் கோபமில்லை. ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "அங்க அப்படி என்னதான் சொல்றாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். இயேசு நம் பாவங்களுக்காக இரத்தம் சிந்தினார், விசுவாசித்தால் இரட்சிப்பு, மறுபடியும் பிறக்க வேண்டும் என்று சபையில் கேட்டதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நான் நம்புவது எனக்கே சரியாகத் தெரியவில்லையோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

அம்மா தானாகக் கேட்டிருக்கிறார், அதுவும் சாப்பிட்ட தட்டை எடுக்காமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு சண்டையில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. சபைக்குள் பழகிய சொற்களை அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள், அந்தச் சொற்கள் அம்மாவின் காதில் வேறு பொருளில் விழுந்திருக்கின்றன.

எனக்கும் இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் எங்கள் புளோக்கில் ஒரு பாட்டியம்மா இருந்தார். ஒரு மாலை, மின்தூக்கிக்குப் பக்கத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்து, "நாம் மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னார்" என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு பிறவியா? வேணாம்மா. இந்த ஒண்ணுல பட்டதே போதும்" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறவிச் சுழலிலிருந்து விடுபட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வேண்டிக்கொண்ட ஒருவரிடம், இன்னொரு பிறவி எடுங்கள் என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். இயேசுவிடம் இரவில் வந்த நிக்கொதேமுவே, முதிர்வயதான மனுஷன் எப்படிப் பிறப்பான் என்று குழம்பினானே! இந்த உடலில், இந்த வாழ்விலேயே கடவுள் உள்ளே புது உயிர் தருகிறார் என்று சொல்லியிருந்தால் அந்தப் பாட்டியம்மா கேட்டிருப்பார்.

பாவம் என்ற சொல்லும் அப்படித்தான். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிவதற்கு வெகுகாலம் முன்பே அது தமிழரின் வாயில் இருந்த சொல். ஒரு பக்கம் "ஐயோ பாவம்" என்கிற இரக்கம், இன்னொரு பக்கம் பாவ புண்ணியக் கணக்கு. அம்மா தன் கணக்கைப் பார்க்கிறார். யார் குடியையும் கெடுக்கவில்லை, பிள்ளைகளை வளர்த்தார், பசித்தவருக்குச் சோறு போட்டார். அவர் கேள்வி நியாயமானது. கொலை, திருட்டு என்று பட்டியல் போட்டு அவரைக் குற்றவாளியாக்க முயலாதீர்கள், அது சுவிசேஷமும் இல்லை.

பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையைச் சொல்லுங்கள். ஓர் அப்பா, இரண்டு மகன்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே இளையவன் தன் சொத்துப் பங்கை வாங்கிக்கொண்டு தூர தேசம் போகிறான். எல்லாவற்றையும் அழித்து, பன்றி மேய்த்து, பன்றியின் தீவனத்துக்கே ஏங்குகிற நிலைக்கு வருகிறான். புத்தி தெளிந்து எழுந்து வீட்டுக்கு நடக்கிறான். சபையில் மனந்திரும்புதல் என்கிறோமே, அது இந்த நடைதான். அவன் தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிட்டு ஓடுகிறார். தங்கை, இந்த இடத்தில் நிதானமாகச் சொல்லுங்கள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் மானத்தை வாங்கிய பிள்ளையை நோக்கித் தெருவில் ஓடுகிறார். அவன் மன்னிப்பு கேட்டு முடிக்கும் முன்பே கட்டியணைக்கிறார்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் மூத்தவனிடம் இருக்கிறது. அவன் எந்தத் தப்பும் செய்யாதவன். வயலிலிருந்து வருகிறான், பாட்டுச் சத்தம் கேட்கிறது, தம்பிக்கு விருந்து என்று தெரிகிறது. உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிடுகிறான். "இத்தனை வருஷம் உங்களுக்கு உழைத்தேனே" என்று கணக்குச் சொல்கிறான். கெட்டுப்போனவனும் அப்பாவைவிட்டு தூரத்தில் இருந்தான், நல்லவனும் அவருடைய மனசுக்கு வெளியே நிற்கிறான். பைபிள் பாவம் என்று சொல்வதன் வேர் இந்தத் தூரம்தான். நாம் செய்கிற தப்புகள் எல்லாம் அதிலிருந்து முளைக்கின்றன. "நீங்க கெட்டவங்கன்னு நான் சொல்லலம்மா. நாம எல்லாரும் வீட்டுக்கு வெளியே நிக்கிறோம். அவர் வெளியே வந்து கூப்பிடுறார்" என்று சொன்னால் அம்மாவுக்குப் புரியும்.

இது வரைக்கும் கதை. அப்புறம், நடந்ததைச் சொல்லுங்கள். கிறிஸ்தவ நம்பிக்கை ஒரு தத்துவத்தில் தொடங்கவில்லை. பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த காலத்தில் எருசலேமுக்கு வெளியே இயேசுவைச் சிலுவையில் அறைந்தார்கள். அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள் அவர் உயிரோடு எழுந்தார். கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். ஏறக்குறைய கி.பி. 55இல், இயேசுவின் தூதராக ஊர் ஊராகச் சென்ற பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம், 15ஆம் அதிகாரத்தில் அவர் செத்ததையும் அடக்கம் செய்யப்பட்டதையும் எழுந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறது. எழுந்தவரை ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார் பவுல். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது போல இருக்கிறது. சுவிசேஷம் என்றாலே நல்ல செய்திதான். செய்தி என்றால் ஏதோ நடந்திருக்க வேண்டும் அல்லவா?

ஏன் செத்தார் என்று அம்மா கேட்பார். அதற்கு என் மனதில் வருவது அவருடைய பால்குடம். உங்களுக்கு உயிர் கிடைத்த நன்றிக்காக, விரதமிருந்து, வெறுங்காலோடு, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை தலையில் சுமந்து நடக்கிறார். தன் பிள்ளைக்காகத் தன் உடம்பில் ஒரு பாரத்தை ஏற்பது என்னவென்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை ஒரு வார்த்தையும் குறை சொல்லாதீர்கள். "நீங்க எனக்காக நடந்தீங்கம்மா. எனக்காகக் கடவுளே நடந்தார்னு நான் நம்புறேன். நான் செலுத்த வேண்டிய கடனை அவரே சுமந்து செலுத்திட்டார், அதுக்குப் பேர்தான் சிலுவை" என்று சொல்லுங்கள். இங்கே இரண்டு நம்பிக்கைகளும் பிரிகிற இடமும் தெளிவாகத் தெரியும். நேர்த்திக்கடனில் மனிதர் கடவுளுக்குச் செலுத்துகிறார். சுவிசேஷத்தில் கடவுள் மனிதருக்காகச் செலுத்தி முடித்துவிட்டார். நமக்கு மிச்சமிருப்பது அதை நம்பி ஏற்றுக்கொள்வது. கிருபை என்கிறோமே, அது இதுதான். நல்ல செயல்கள் அதற்குப் பிறகு நன்றியாக வருகின்றன.

"எல்லா சாமியும் ஒண்ணுதானே?" என்றும் கேட்கலாம். மழுப்பாதீர்கள். "எனக்கு அப்படித் தோணலம்மா, இயேசு மட்டுமே வழின்னு நம்பித்தான் ஞானஸ்நானம் எடுத்தேன்" என்று மரியாதையோடு சொல்லுங்கள். வெள்ளைக்காரர் மதம் என்று உறவினர் யாராவது சொன்னால், ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா தேவாலயம் 1888லேயே தமிழர்களுக்காகக் கட்டப்பட்டது என்று சொல்லலாம். அதில் ரொம்ப நேரம் செலவிட வேண்டாம்.

சொல்லிவிட்டு விடுங்கள். உடனே முடிவு கேட்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். சமய நல்லிணக்கத்துக்கென்று 1990லேயே சட்டம் கொண்டுவந்த நாடு இது. கேட்டவருக்குச் சொல்வதும், விரும்பாதவரை விடாமல் துரத்துவதும் வேறு வேறு என்பது இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள்ளும் அதேதான். அம்மா மனதைத் தொடுவது கடவுளின் வேலை.

உங்கள் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதில் வரவில்லை என்பதால் நம்பிக்கை இல்லை என்று ஆகாது. அப்பாவின் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள், வீட்டைச் சுற்றிக் காட்டத்தான் இன்னும் பழகவில்லை. இந்த வாரம் லூக்கா 15ஐ நீங்களே இரண்டு மூன்று தடவை படியுங்கள். பழைய மொழிபெயர்ப்பு அம்மாவுக்குக் கடினமாக இருந்தால், 1995இல் வந்த திருவிவிலியம் இன்றைய தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். எழுத்து சிறியதாக இருந்து அவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால், சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மூத்தவன் வாசலில் நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா