நியூசிலாந்தின் சாதம் தீவுகளில் திமிங்கிலங்கள் நூற்றுக்கணக்கில் கரையேறிச் சாகின்றன. சிங்கப்பூரில் ஏன் அப்படி நடப்பதில்லை?

2015 ஜூலையில் ஜூரோங் தீவருகே ஓர் எண்ணெய்த் திமிங்கிலம் மிதந்து வந்தது நினைவிருக்கலாம். 10.6 மீட்டர் நீளப் பெண். அது கரையேறவில்லை, இறந்தபின் மிதந்து வந்தது. முதுகில் பெரிய காயம், கப்பல் மோதியிருக்கலாம். எலும்புக்கூடு லீ கொங் சியான் அரும்பொருளகத்தில் தொங்குகிறது, பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சாதம் தீவுகளில் ஒதுங்குபவை பெரும்பாலும் பைலட் திமிங்கிலங்கள். பெயர்தான் திமிங்கிலம், உண்மையில் ஓங்கில் (டால்பின்) குடும்பம். ஒன்றை ஒன்று விட்டுப் பிரியாத கூட்டம். ஒலி எழுப்பி, எதிரொலி கேட்டு வழி அறிபவை. மெல்லச் சரியும் மணற்கரையில் அந்த எதிரொலி சரியாகத் திரும்பாது. ஒன்று சிக்கிக் கதறினால் மற்றவையும் பின்னாலேயே வரும். நீர் வற்றியதும், இதுவரை கடல் தாங்கிய உடல் எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். வெயிலில் உடல் சூடேறும். 2022 அக்டோபரில் சில நாள் இடைவெளியில் ஏறத்தாழ 480 மாண்டன. அங்கே சுறாக்கள் அதிகம் என்பதால் அவற்றைக் கடலுக்குத் தள்ளிவிடுவதும் இல்லை. உயிரோடிருந்தவற்றைக் கருணைக்கொலை செய்தார்கள்.

நம் நீரிணையோ ஆழமற்றது, கப்பல் நெரிசல் மிகுந்தது. ஆழ்கடல் கணவாய் மீனை இரையாகத் தேடும் கூட்டத்துக்கு இங்கே என்ன வேலை?