போன வருடம் இன்ட்ரோவர்ட், இந்த வருடம் எக்ஸ்ட்ரோவர்ட்: இதில் எது நான்?

கேள்வி: ஐடி கம்பெனியில் ஆறு வருட அனுபவம். போன வருடம் ஆபீஸில் வைத்த எம்பிடிஐ டெஸ்டில் (குணத்தை வைத்து ஆட்களை 16 வகையாகப் பிரிக்கும் டெஸ்ட்) ‘ஐஎன்எஃப்ஜே’ என்று வந்தது, முதல் எழுத்து ‘ஐ’ என்றால் இன்ட்ரோவர்ட். இந்த வருடம் நானே மறுபடி எழுதினேன், ‘ஈஎன்எஃப்ஜே’, அதாவது எக்ஸ்ட்ரோவர்ட் என்கிறது. மேனேஜரோ பழைய ரிசல்ட்டைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இன்ட்ரோவர்ட் டைப், கிளையன்ட்டோட பேசுற டீம் லீட் வேலை சரிப்படாது” என்கிறார். எதை நம்புவது?

பதில்: உங்கள் குணம் ஒரு வருடத்தில் தலைகீழாகிவிடவில்லை. கோளாறு, நடுவில் கோடு கிழிக்கும் முறையில் இருக்கிறது.

5 அடி 6 அங்குலத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே இருப்பவரெல்லாம் நெட்டை, கீழே இருப்பவரெல்லாம் குட்டை என்று வைத்துக்கொள்வோம். 5 அடி 5 அங்குலக்காரரும் 4 அடி 10 அங்குலக்காரரும் ஒரே சாதி. 5 அடி 7 அங்குலக்காரர் வேறு சாதி! கலகலப்பும் உயரம் மாதிரித்தான். பெரும்பாலானவர்கள் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள். அங்கே இருப்பவர் இரண்டு மூன்று கேள்விக்குப் பதிலை மாற்றினால் போதும், எழுத்து மாறிவிடும். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் எண் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நூற்றுக்கு 52, 54 போல இருந்தால் நீங்கள் இடம் மாறவே இல்லை, கோட்டைத் தாண்டி ஓரடி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எம்பிடிஐயை உருவாக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்ல. சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் மனித வகைகளைப் பற்றி 1921-இல் எழுதியதைப் படித்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கேள்வித்தாளாக்கினார்கள். உங்களுக்குக் கைகொடுக்கும் விஷயம் ஒன்று: ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. மேனேஜரிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

‘ஆனால் ரிப்போர்ட் அப்படியே என்னைச் சொன்னதே’ என்று பலர் கேட்பார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வைத்து, ஆளுக்கொரு ரிப்போர்ட் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே ரிப்போர்ட். பெட்டிக்கடை ஜோசியப் புத்தகத்திலிருந்து திரட்டியது! ‘வெளியில் சிரித்தாலும் உள்ளுக்குள்ள ஒரு கவலை ஓடுது’ என்று கிளி ஜோசியர் சொன்னால் யார்தான் இல்லை என்பார்?

சரி, ஆய்வாளர்கள் எதைக் கொண்டு அளக்கிறார்கள்? பெரும்பாலும் ‘பிக் ஃபைவ்’, அதாவது ஐந்து குணங்களை அளக்கும் முறை. மனிதர்களின் குணத்தில் முக்கியமான வேறுபாடு எதுவானாலும் மக்கள் பேச்சில் அதற்கு ஒரு சொல் இருக்கும் என்பது அதன் அடிப்படை. 1936-இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, ஆட்களை விவரிக்கும் ஏறக்குறைய 18,000 சொற்களைப் பொறுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் சலித்துச் சலித்து ஐந்துக்குக் கொண்டுவந்தார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணங்கிப்போதல், எளிதில் மனம் கலங்குதல். இதில் பெட்டி கிடையாது. ஒவ்வொன்றிலும் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்றுதான் வரும். பல வகை வேலைகளிலும் செயல்திறனோடு ஒத்துப்போவது பொறுப்புணர்வு, அதுவும் ஓரளவுக்குத்தான். கலகலப்பு அதற்கு அப்புறம்தான் வருகிறது.

பிக் ஃபைவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். அதில் ‘பார்ட்டியில் நான்தான் களைகட்ட வைப்பேன்’ என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் வரும். என்னிடம் வந்த ஒருவர் அதற்கு ‘இல்லவே இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, “நான் பார்ட்டிக்கே போறதில்ல சார். ஆனா சொந்தத்துல கல்யாணம்னா பந்தி விசாரிக்கிறது நான்தான்” என்றார். மார்க் குறைந்தது அவர் குணத்தால் அல்ல, கேள்வியால். ஆபீஸ் மெயிலில் வந்த டெஸ்டை ஆபீஸ் நினைப்பிலேயே எழுதுவோம் என்பதும் உண்டு. வீட்டில் எழுதினால் பதில் கொஞ்சம் வேறு.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பிக் ஃபைவை அளக்கும் ‘ஐபிப்’ (IPIP) கேள்விகள் இணையத்தில் இலவசம். அதை ஒருமுறை நீங்கள் எழுதுங்கள். அப்புறம் தினமும் உங்களோடு வேலை செய்யும் ஒருவரை, உங்களைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். இரண்டும் பெரிதாக விலகும் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எண்ணைவிட அந்தப் பேச்சில்தான் விஷயம் கிடைக்கும்.

மேனேஜரிடம் இன்னொரு டெஸ்ட் ரிசல்ட்டைக் கொண்டுபோய் வாதாட வேண்டாம். “அடுத்த மாசம் ரெண்டு கிளையன்ட் மீட்டிங்கை நான் நடத்துறேன், நீங்க கூட இருந்து பாருங்க” என்று கேளுங்கள். முதல் மீட்டிங் சொதப்பினாலும் பரவாயில்லை, இரண்டாவதையும் கேட்டு வாங்குங்கள்.